மருந்து வருமுன் டெஸ்ட் வரட்டும்: ஏற்காடு வாய்ப்புற்று நோயாளிக்கு எச்-ராஸ் ஏன் முக்கியம்?

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வாயில் ஆறாத புண்ணோடு இறங்கி வரும் ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியானால் என்ன கிடைக்கும்? அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ. கட்டியில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

அது என்ன ராஸ்?

செல்லுக்கு ‘வளரு, பெருகு’ என்று சிக்னல் கொடுக்கும் புரதம். வேலை செய்ய அது செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கொழுப்பு வால் தேவை. அந்த வாலை மாட்டிவிடுவது ஒரு நொதி. மரபணு மாறிய ராஸ் சிக்னலை நிறுத்தவே நிறுத்தாது.

நொதியைத் தடுத்தால் போதாதா?

1990களில் அப்படித்தான் நினைத்தார்கள். டிபிஃபார்னிப் என்ற மருந்தும் வந்தது. ஆனால் கணையம், பெருங்குடல் புற்றுநோய்களில் தோற்றது. அங்கே பெரும்பாலும் மாறியிருப்பது கே-ராஸ். ஒரு நொதியைத் தடுத்தால், அது வேறொரு நொதி மூலம் இன்னொரு வாலை மாட்டிக்கொள்ளும். எச்-ராஸுக்கு அந்த மாற்று வழி கிடையாது.

2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எச்-ராஸ் மாற்றம் அதிகமாக இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 20 பேரில் 11 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்துக்குத் ‘திருப்புமுனை சிகிச்சை’ தகுதி கொடுத்தது. அது விற்பனைக்கான ஒப்புதல் அல்ல.

நமக்கு என்ன?

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் இருக்கிறது. புகையிலை மெல்லுவது முக்கியக் காரணம். ஈறு, கன்னப் பகுதிக் கட்டிகளை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகள் குழு, அடிக்கடி மாறும் மரபணுக்களில் எச்-ராஸும் ஒன்று என்று 2013இலேயே ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதிவிட்டது.

‘மருந்தே கடைக்கு வரலை, டெஸ்ட் எதுக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எச்-ராஸ் மாற்றம் இருப்பதும் சிறு பங்கினருக்குத்தான். ஆனால், அவர்கள் யார் என்று தெரியாமல் எந்த மருந்துச் சோதனையிலும் சேர்க்க முடியாது. எத்தனை பேர் என்று தெரியாமல் மருந்தைக் கொண்டுவர எந்த நிறுவனமும் அவசரப்படாது.

இதற்கு ஊருக்கு ஊர் லேப் வேண்டியதில்லை. பயாப்சிக்கு எடுத்த திசு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அரசு செலவில் ஒரு பொது ஆய்வகம் போதும். சேலத்தில் இருந்து அந்தத் திசு மாதிரி சென்னைக்குப் போகட்டும். நோயாளி வீட்டுக்குப் போகட்டும்.