மலைமேல் இருந்தும் பார்க்காதவர்கள்

ஏற்காட்டில் பருவம் தப்புவதை முதலில் சொல்வது காப்பிச் செடிதான். மார்ச் வாக்கில் இரண்டரை செ.மீ. அளவுக்காவது ஒரு பூ மழை விழ வேண்டும். விழுந்தால் ஒன்பது பத்து நாளில் கிளை நெடுக வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை கிடைத்தால் பிஞ்சு தங்கும். வெறும் தூறலோடு வானம் கைவிரித்து, வெயிலும் ஏறினால், மொட்டு முழுதாக விரியாது. இதழ் தடித்துப் பச்சை பாரித்து நிற்கும். அதில் காய் பிடிக்காது.

இந்தப் பச்சைப் பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? டீக்கடையில் "இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு" என்று பேசிக் கலைந்தோம். வசதி உள்ளவர்கள் இன்னும் ஆழமாக போர் போட்டு ஸ்பிரிங்ளரை ஓட்டினோம்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி, குளிர்ச்சியும் நிழலும் கேட்கும் பயிர். அத்தி, நாவல், பலா என்று கலந்து நின்ற நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, வரிசை வரிசையாக சில்வர் ஓக் வைத்தோம். நெட்டுக்குத்தாக வளரும், மிளகுக் கொடி ஏறும், முற்றினால் வெட்டி விற்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டுக்கு வெயில் படும் தண்டுதான் பிடிக்கும்; பட்டை வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே குடைவது வெளியே எளிதில் தெரியாது. இலை மஞ்சளித்து வாடிய பிறகு செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெயிலை ஏற்றியது உலகம் என்றே வைத்துக்கொள்வோம். நிழலை இறக்கியது நாம்.

சாமையும் தினையும் விதைத்து, மழையின் போக்கை நம்மைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் மலையாளிப் பழங்குடிகள். அவர்களிடம் நாம் கேட்டதெல்லாம் பழம் பறிக்க ஆள் வருமா என்பதுதான். மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து பாக்சைட் போய்க்கொண்டிருந்தவரை அதை வேலைவாய்ப்பு என்று எழுதிக்கொண்டோம். 2008-ல் அது நின்றதும் மறந்தோம். மலையில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் 1990 முதல் ஏற்காட்டு ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை நாம் புரட்டியது எந்த ஊர் அதில் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, கூட்டம் இந்தப் பக்கம் திரும்பும் என்று மனக்கணக்குப் போட்டோம். மின்விசிறி மாட்ட கொக்கிகூட வைக்காமல் கட்டிய பழைய பங்களாக்களுக்குப் பக்கத்திலேயே இன்று 'ஏ.சி. ரூம் உண்டு' என்று பலகை தொங்குகிறது. அதையும் வளர்ச்சி என்றோம்.

நமக்கு வாகாக ஒரு சாக்கும் இருந்தது. சராசரி இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. அமெரிக்கர் நம்மைப் போல் ஆறேழு மடங்கு வெளியிடுகிறார். உண்மைதான். பாகு காலநிலை மாநாட்டில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர், அதுவும் 2035-க்குள், என்று முடித்தபோது இந்தியப் பிரதிநிதி போதாது என்று எதிர்த்ததும் நியாயம்தான். பணக்கார நாடுகள் தர வேண்டியதைத் தரத்தான் வேண்டும், சீக்கிரமாக. ஆனால் ரிசார்ட்டுக்காக இந்தச் சரிவில் பாறையை உடைத்தவன் கலிபோர்னியாக்காரன் இல்லை.

அந்த மாநாடு முடிந்தது 2024 நவம்பர் 24. ஆறே நாளில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு பேரைப் பலிகொண்டது. இங்கே மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பழம் பறிக்கும் பருவம் வேறு. ஒரு புயலை அப்படியே புவி வெப்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. என்றாலும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். 2024-ல் உலகம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி சூடேறி இருந்தது.

பாதையைச் சரிசெய்தவர்களிடம் நாம் கேட்டது, புத்தாண்டுக் கூட்டத்துக்குள் திறந்துவிடுமா என்பதுதான். சரிந்த இடத்துக்கு மேலே எந்தக் கட்டடத்தின் தண்ணீர் இறங்குகிறது, எந்த ஓடையை மூடி வண்டி நிறுத்துமிடம் போட்டோம் என்று கேட்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்நடையாக இறங்கிப் பார்த்து, இந்தக் கேள்விகளுக்கான பதில்களை நாமே பட்டியலாக எழுத வேண்டும். அதில் நம்முடைய பெயர்களும் இருக்கும்.