வடக்கத்தியானுக்கும் காதல் உண்டு

ஜான் சார்டி எழுதி இயக்கிய 'லவ்ஸ் பிரதர்' (2004) ஒரு மென்மையான காதல் கதை. 1950களின் ஆஸ்திரேலியக் கிராமப்புறம். அங்கே குடியேறிய இத்தாலியனான ஆஞ்சலோ, தன் தோற்றத்தின் மீது நம்பிக்கையற்று, அழகனான தம்பி ஜினோவின் புகைப்படத்தை வைத்துத் தாய்நாட்டுப் பெண் ரோசெட்டாவுக்குக் கடிதம் எழுதுகிறான். மணமகன் அருகில் இல்லாமலே திருமணம் முடிந்து, அந்த முகத்தைத் தேடி அவள் வருகிறாள். பிழைக்க வந்தவனுக்கும் கூச்சமும் ஆசையும் பொய்யும் உண்டு என்பதே படம் சொல்லும் எளிய உண்மை.

தமிழில் இதற்கு அருகில் வருவது எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய 'ரயில்' (2024). தணிக்கைக்கு முன் அதன் பெயர் 'வடக்கன்'. தேனிப் பக்கம் வந்து வேலை பார்க்கும் வட இந்தியத் தொழிலாளி சுனிலை அது உண்மையான பரிவோடு அணுகுகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் அவனை வெறுத்த முத்தையாவின் மனம் இளக, சுனில் சாக வேண்டியிருக்கிறது. இரக்கம் காட்டுகிறோம், காதலிக்க விடுவதில்லை.

வேலம்பாளையத்து பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார் இளைஞர்கள் ஏராளம். 2023 மார்ச்சில், வடவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூரில் அவர்கள் அஞ்சி நின்றார்கள். அப்போதும் அவர்களை ஆள்பலமாகவும் பிரச்சினையாகவுமே நாம் பேசினோம். அவர்களில் ஒருவன், ஊரிலிருக்கும் பெண்ணுக்குத் தன் படத்தை அனுப்பத் தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் படம் தொடங்கலாம். ஆஞ்சலோவின் தயக்கம் புரிந்த நமக்கு அவனுடையதும் புரியும்.