பால்கோவா நாட்டில் பால் சேராத ஓர் இனிப்பு

செட்டியார்பட்டியிலிருந்து இராசபாளையம் கடந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைவில்லை. அவ்வூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆதலால் நோயாளியைக் காண வருவோர் பால்கோவாவுடன் வருவதில் வியப்பில்லை. ஆனால் பால் ஆகாதவருக்கும் “ஒரு வாய்தானே” என்று ஊட்டுவதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

பால் ஆகாமை இருவகைப்படும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காதவர்க்கு வயிற்றுப் பொருமலும் பேதியும் உண்டாகும். துன்பந்தான், எனினும் அவர்களுள் பலர் சிறிதளவு பாலைத் தாங்குவர். பால்புரத ஒவ்வாமையோ வேறு. அதில் ஒரு வாயே மூச்சுத்திணறலில் கொண்டு விடலாம். நெய்யிலும் புரதத்தின் எச்சம் இருக்கக்கூடும். ஆட்டுப்பாலும் மாற்றாகாது, அதன் புரதம் பசும்பாலின் புரதத்தைப் பெரிதும் ஒத்தது. உண்டபின் முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

விலக்கச் சொல்வது எளிது. பண்டிகை நாளில் வீடே இனிப்புண்ண, ஒரு குழந்தை மட்டும் தனித்தட்டுடன் அமர்வதுதான் கடினம். பத்தியம் பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது. ஆகவே நோயாளிக்கென்று வேறொன்று செய்யாதீர்கள். எல்லாரும் உண்ணத்தக்க ஒன்றையே செய்யுங்கள் என்பது எங்கள் கருத்து.

அமெரிக்கர் குளிர்காலத்தில் பரங்கிக்காயைக் கொண்டு ‘பை’ சுடுவர். (துணிப்பை அன்று, மாவுக்கிண்ணத்தில் இனிப்பு நிரப்பிச் சுடும் பண்டம்.) பரங்கிக்காயின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. அவர்கள் சேர்க்கும் வெண்ணெய்க்கும் பாலுக்கும் ஈடாக நம்மிடம் தேங்காய் இருக்கிறது. 200 கிராம் கோதுமை மாவில் 80 கிராம் தேங்காய் எண்ணெயும் சிறிது உப்பும் பிசறி, குளிர்ந்த நீர் தெளித்துத் திரட்டித் தட்டில் பரப்புங்கள். அரைக் கிலோ பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து, நீரை நன்கு வடித்து மசியுங்கள்; நீர் நின்றால் பை இறுகாது. 100 கிராம் கருப்பட்டியை மிகக் குறைந்த நீரில் கரைத்து வடிகட்டி அதனுடன் சேர்த்து, 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், மூன்று மேசைக்கரண்டி சோளமாவு, சுக்கு, ஏலம் ஆகியவற்றையும் கலந்து நிரப்புங்கள். 180 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி நேரம் சுட்டு, முற்றும் ஆறியபின் வெட்டுங்கள். அவன் இல்லாத வீட்டில் மாவுக்கிண்ணத்தை விடுத்து, கலவையை மட்டும் தட்டில் ஊற்றி இட்லிக் கொப்பரையில் அவித்தாலும் சுவை குன்றாது.

கருப்பட்டியும் சர்க்கரையே; நீரிழிவுள்ளோர் அளவு கேட்டு உண்க. சிறுநீரக நோயாளிகள் பரங்கிக்காய், தேங்காய்ப்பால் இரண்டிலும் உள்ள பொட்டாசியத்தைக் கருதி மருத்துவரைக் கேளாமல் உண்ண வேண்டா. பேக்கரியில் செய்யக் கொடுப்போர், தட்டில் வெண்ணெய் தடவுவார்களா என்பதை முதலில் கேளுங்கள்.