பெயரைப் பார்த்தா வேலை?

நம் பிள்ளைகள் படித்துப் பட்டமும் பெற்றுவிட்டார்கள். விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போடுகிறார்கள்; பதில் வருவதில்லை. "மார்க் போதவில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் நாமே அவர்கள்மீது பழி போடுகிறோம். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்பதை ஒரு பேராசிரியர் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்.

சுகதேவ் தோரட் 1949இல் மராட்டிய மாநில அமராவதி மாவட்டத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணல் அம்பேத்கர் ஔரங்காபாத்தில் தொடங்கிய மிலிந்த் கல்லூரியில் பயின்றவர். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானார். 2006 முதல் 2011 வரை பல்கலைக் கழக மானியக் குழுவின் தலைவர்.

அவரும் அமெரிக்கப் பேராசிரியர் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பத்திரிகை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டுமே வேறு. உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்குக் கிடைத்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுவதை, அம்மாணவர்கள் வாயாலேயே கேட்டு 2007இல் அறிக்கையாகத் தந்தது அவர் தலைமையிலான குழு.

இது நமக்கு ஊரார் கதை அல்ல. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர், குடியேறிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நம்மில் பலருடைய பிள்ளைகள் தனியார் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. அங்கே சாதி பார்ப்பதைத் தடுக்க முழுமையான சட்டம் இன்றும் இல்லை. நம் பெயரின் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம், இங்கோ "சர்நேம் என்ன?" என்பதே முதல் கேள்வி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு வாடகை வீடு மறுப்பதையும் தோரட் குழுவினர் தில்லி வட்டாரத்தில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். நம் குடியிருப்பில் ஓர் அறை காலியானால், கேட்டு வரும் தமிழரிடம் "என்ன ஆளுங்க?" என்று நாம் கேட்பதில்லையா? 1960களில் மும்பையில் 'மதராசி' என்று விரட்டியபோது எல்லோரையும் சேர்த்தல்லவா விரட்டினார்கள்? அந்தக் கேள்வியை நம் வாசலில் நிறுத்தாமல், கம்பெனி வாசலில் நியாயம் கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

இளைஞர்களே! விண்ணப்பத்தின் நகல், அனுப்பிய தேதி, வந்த பதில், நேர்முகத்தில் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். தனித்தனியாகப் புலம்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். நூறு பேருடைய கணக்கைச் சட்டமன்ற உறுப்பினர் மேசையில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும். தோரட் காட்டிய வழி அதுதான்.

பெற்றோர்களே! பதில் வராத பிள்ளையை இன்று ஏசாதீர்கள்.