ஏரிக்கரை மாளிகை விழுந்த கதை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரோண்டாக் மலைக்காடு இருக்கிறது. அந்தக் காட்டின் நடுவே, புளூ மவுண்டன் ஏரிக்கரையில், 1882-ம் ஆண்டு ஒரு ஹோட்டல் எழுந்தது. பெயர் பிராஸ்பெக்ட் ஹவுஸ். 300 அறைகள். ஒவ்வொரு படுக்கை அறையிலும் எடிசன் மின்விளக்கு. உலகத்தில் வேறு எந்த ஹோட்டலிலும் அதுவரை இப்படி அறைக்கு அறை மின்விளக்கு இருந்ததில்லை. மாடி ஏற நீராவியில் ஓடும் மின்தூக்கி போன்ற யந்திரம் வேறு!

அதே 1882 செப்டம்பரில்தான் நியூயார்க் நகரத்திலேயே எடிசனின் மின்நிலையம் வேலை தொடங்கியது. நகரத்துத் தொழிலாளி இருட்டுக் குடியிருப்பில் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்தான். கோடைக்குக் காற்று வாங்க வந்த சீமானுக்கோ நடுக்காட்டிலும் மின்வெளிச்சம்!

இந்தச் சீமான்களைக் காட்டுக்குக் கொண்டுவந்த பாதை எது? அங்கேதான் கதை இருக்கிறது.

கூலி பாக்கி வைத்த கனவான்

ஹோட்டலைக் கட்டியவர் பிரடெரிக் டூரண்ட். அவருடைய சிற்றப்பா பெரியப்பா வகையில் ஒருவர் தாமஸ் டூரண்ட்; யூனியன் பசிபிக் ரயில்வேயின் உபதலைவர். தண்டவாளம் போட சர்க்கார் மைலுக்கு இவ்வளவு என்று கடன் பத்திரம் தந்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர்; மலையில் 48,000 டாலர். நிலமும் தந்தது. மைலுக்குப் பணம் என்றதும் ஒமாஹா அருகே நேராகப் போக வேண்டிய பாதை வளைந்து போயிற்று! ரயில்வேயை நடத்தியவர்களே கிரெடி மொபிலியே என்ற கம்பெனியை வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே காண்டிராக்ட் கொடுத்து, விலையை ஏற்றிக் கொள்ளையடித்தார்கள். சட்டசபைப் பிரமுகர்களுக்குப் பங்குகள் சலுகை விலையில் போயின. 1872-ல் பத்திரிகையில் குட்டு உடைந்தது.

பாதை போட்டவன் கதி என்ன? 1869 மே மாதம், பாதை முடியும் விழாவுக்குத் தாமஸ் டூரண்ட் தனி ரயில்பெட்டியில் போனார். வயோமிங்கில் பீட்மாண்ட் என்ற இடத்தில் தொழிலாளர்கள் பெட்டியை மறித்தார்கள். 'பாக்கிக் கூலியைக் கொடு, பிறகு போ' என்றார்கள். விழாவே தள்ளிப்போய் மே 10-ல் நடந்தது. இந்த மறியலே டூரண்ட் ஏற்பாடு செய்த நாடகம் என்று சந்தேகிக்கிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு. மறியல் நாடகமாகவே இருக்கட்டும். கூலி பாக்கி நாடகமா?

அதே மனிதர் பிறகு அடிரோண்டாக்கில் இறங்கினார். 1871-ல் சாரடோகாவிலிருந்து நார்த் கிரீக் வரை ரயில் வந்தது. அதற்கு அப்பால் குதிரை வண்டி. அந்த வழியில்தான் விருந்தாளிகள் ஏரிக்கு வந்தார்கள்.

விழுந்தது யாருக்கு?

சில ஆண்டுகளில் பெரும் பணக்காரர்களுக்கு ஹோட்டல் அலுத்தது. பலரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பானேன்? ஆளுக்கு ஒரு ஏரி, ஆளுக்கு ஒரு காட்டு மாளிகை! தாமஸின் மகன் வில்லியம் அப்படிப்பட்ட மாளிகைகளைக் கட்டினார். ஒன்று பாங்கி முதலாளி மோர்கனிடம் போயிற்று. இன்னொன்று 1901-ல் வாண்டர்பில்டிடம் போயிற்று. 1904-ல் வில்லியம் திவாலானார். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கியது.

பிராஸ்பெக்ட் ஹவுஸ் 1903-ல் மூடப்பட்டது. 1915-ல் இடித்துத் தள்ளினார்கள்.

முதலாளி மாளிகை இடிந்தது, நமக்கென்ன என்று சிரிக்கலாமா? கூடாது, தோழர்களே! ஆலைக் கதவு மூடினால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? நமக்குத் தெரியாததா? சமையல்காரன், துணி வெளுத்தவள், படகு வலித்தவன், இவர்களுக்கு ஹோட்டல் என்பது மாளிகை அல்ல, கோடைக்காலக் கூலி. அதைத் திறப்பதிலும் அவர்களைக் கேட்கவில்லை, மூடுவதிலும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் விழவில்லை. 1894-ல் நியூயார்க் மாநிலம் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதியது: அங்குள்ள சர்க்கார் காட்டை விற்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. அந்த விதி இன்றும் நிற்கிறது. மைலுக்கு இவ்வளவு என்று பொதுச் சொத்தை வாங்கித் தின்றவர்களின் மாளிகை போயிற்று. பொதுச் சொத்தாக வைத்த காடு நிற்கிறது.

எது ஜனங்களுடையதோ அதைக் காக்கச் சட்டம் வேண்டும். எவன் உழைக்கிறானோ அவனைக் கேட்காமல் கதவை மூடாதிருக்கவும் சட்டம் வேண்டும். அந்த ஏரிக்கரையில் முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை.