தொல்வைரஸ்களும் தென்காசி பயாப்சியும்

கருப்பைவாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. தென்பட்டால் அதன் பங்கு பற்றி நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. அது வெளியிலிருந்து வந்த வைரஸ். அதன் ஈ6, ஈ7 புரதங்கள் பி53-ஐயும் ஆர்.பி.யையும் முடக்குகின்றன, தடுப்பூசி போட்ட தலைமுறையில் நோய் குறைகிறது. மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 சதவீதமாக உறைந்திருக்கும் உள்ளுறை ரெட்ரோவைரஸ்களை (எச்.ஈ.ஆர்.வி.), அதாவது தொல்வைரஸ்களை, இதே அளவுகோலால் அளக்க இயலாது. அவற்றில் பெரும்பாலானவை பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைகளின் இனச்செல்களில் புகுந்து, பெற்றோர் வழியாகவே இறங்கி வந்தவை. தென்காசி அரசு மருத்துவமனையின் புறநோயாளிக்கும் அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் அவை பொதுச்சொத்து. எனவே இருப்பு எதற்கும் சான்றாகாது; எந்தப் பிரதி, எந்தத் திசுவில் வெளிப்படுகிறது என்பதே பொருட்டு. இவை புற்றுநோயை உண்டாக்குகின்றனவா என்ற கேள்வியிலேயே விவாதம் பல காலமாகத் தேங்கி நிற்கிறது. நோய்க்குக் காரணமாக இல்லாத ஒன்றும் சிகிச்சைக்கு இலக்காக முடியும் என்பதே எங்கள் வாதம்.

தெளிசெல் சிறுநீரகப் புற்றுநோய் இதற்கு நல்ல சான்று. வி.எச்.எல். மரபணு செயலிழந்ததும் எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபா குவிகிறது; டி.என்.ஏ.வை அடக்கி வைக்கும் மெத்தில் பூட்டு தளர்ந்த ஒரு எச்.ஈ.ஆர்.வி.-ஈ பிரதியின் எல்.டி.ஆர். என்ற இயக்கப் பகுதியில் அது அமர்ந்து அப்பிரதியை இயக்குகிறது. இங்கே வைரஸ் நோயின் விளைவு மட்டுமே. ஆனாலும் அதன் பெப்டைடுகளை டி செல்கள் அடையாளம் காண்கின்றன. அவ்வாறு அடையாளம் காணும் டி செல் ஏற்பியைப் பொருத்திய டி செல்களை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நோயாளிகளிடம் சோதித்தன. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே விழித்த டி.எச்.ஈ.1பி என்ற எல்.டி.ஆர்., சி.எஸ்.எஃப்.1.ஆர். மரபணுவை இயக்குவதும், அதன் உதவியால் கட்டிச் செல்கள் பிழைத்திருப்பதும் 2010இல் காட்டப்பட்டன. விளைவாகத் தொடங்கியது பங்காளியாகிவிட்டது. நுரையீரல் அடினோகார்சினோமாவில், உள்ளுறை ரெட்ரோவைரஸ் உறைப்புரதத்துக்கு எதிராக பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பலனோடு தொடர்புடையவை என 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இத்துறையில் ஏமாந்த வரலாறு உண்டே என்பார்கள். நியாயமான ஆட்சேபம். 2006இல் புராஸ்டேட் புற்றுநோயோடும் 2009இல் நாட்பட்ட சோர்வு நோயோடும் இணைக்கப்பட்ட எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ், மனிதக் கட்டியொன்றை எலிகளில் வளர்த்தபோது இரு எலி வைரஸ் துண்டுகள் இணைந்து ஆய்வகத்திலேயே உருவானது என்று 2011இல் தெளிவாயிற்று. அந்தப் பாடம் நம் சோதனை மேசைக்கும் பொருந்தும். இந்த வைரஸ் வரிசைகள் பலவற்றில் இன்ட்ரான் இடையீடு கிடையாது, ஆர்.என்.ஏ. மாதிரியில் சிறிதளவு டி.என்.ஏ. கலந்திருந்தாலும் பி.சி.ஆர். பொய்யாக நேர்மறை காட்டும். டி.என்.ஏஸ் கொண்டு சுத்தம் செய்யாமல், தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயும் வைக்காமல் வரும் முடிவை ஏற்கக் கூடாது. எச்.ஈ.ஆர்.வி.-கே உயர்ந்துள்ளது என்று மட்டும் எழுதி, ஒன்றையொன்று ஒத்த பல பிரதிகளில் எது உயர்ந்தது என்று சொல்லாத ஆய்வு பாதி ஆய்வே.

மாவட்ட மருத்துவமனைக்கு இதில் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. மைலோடிஸ்பிளாசியாவுக்கும் முதியோரின் ஏ.எம்.எல்.லுக்கும் நாம் கொடுக்கும் அசாசிட்டிடின் இந்தியத் தயாரிப்பாகவே கிடைக்கிறது. இவ்வகை மருந்துகள் மெத்தில் பூட்டைத் திறந்து தொல்வைரஸ்களின் ஈரிழை ஆர்.என்.ஏ.வை வெளிக்கொணர்கின்றன என்றும், செல்லுக்குள் உள்ள எம்.டி.ஏ.5 என்ற உணரி அதை உணர்ந்து இன்டர்ஃபெரான் பதிலைத் தூண்டுகிறது என்றும் 2015இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. மருத்துவப் பலனில் இதன் பங்கு எவ்வளவு என்பது விவாதத்தில் உள்ளது. எனினும் மருந்து நம் வார்டில்தான் ஏறுகிறது. தரவோ நம்முடையதல்ல. பெரும் கட்டித் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி, சில எச்.ஈ.ஆர்.வி.-கே செருகல்கள் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறுபடுகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடம் பெருமைக்குரிய தொடக்கம். ஆனால் அதன் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களில் படிக்கப்பட்டது எக்ஸோம். தொல்வைரஸ்களில் பெரும்பகுதி எக்ஸோமுக்கு வெளியே கிடக்கிறது.

ஆகவே எந்தத் தொல்வைரஸ் பிரதி வெளிப்படுகிறது என்று காண ஆர்.என்.ஏ. தேவை, அதன் தரம் திசுவை எடுக்கும் அறையிலேயே முடிவாகிறது. பீடித் தொழில் பரவிய தென்காசி வட்டாரத்தில் ஒரு வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த துண்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்துத் திருநெல்வேலி போகலாம். குற்றாலச் சீசன் நெரிசலில் வண்டி தாமதமாகலாம். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள், துண்டின் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் இட்டுவிட்டால் தாமதம் ஓரளவு பொறுக்கும். சாதாரணக் குழாய் நீர் கலந்த ஃபார்மலினில் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். ஃபார்மலின் இருப்பு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு பஃபர் உப்பின் விலைதான். கோரிக்கைப் படிவத்தில் திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் இட்ட நேரம் என்ற இரு கட்டங்களை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் இப்போதே சேர்க்கலாம். அவை நிரப்பப்படாத மாதிரியை ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு ஏற்பதில்லை என்று பேத்தாலஜி துறைகள் முடிவெடுக்கலாம்.