ஸ்க்ரீனை மங்கலாக்குவது பெட்டரியை மிச்சம் பிடிக்கவா, பிள்ளையை மறைக்கவா?



வேப் விற்கிறவர்கள் இப்போது பெருமையாகச் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைக்கலாமாம், முழுசாக ஓப் பண்ணவும் ஏலுமாம். ஏன் என்று கேட்டால் பெட்டரி மிச்சமாம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். சாதாரண தர விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கும் விளங்கும். வேப்பில் திரவத்தைச் சூடாக்கும் சுருளுக்குச் சுமார் 15 வாற்று வலு தேவை. 3 செக்கன் இழுத்தால் 45 யூல் சக்தி போய்விடும். அதிலுள்ள சின்னக் கறுப்பு வெள்ளைத் திரைக்கு ஒரு வாற்றின் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அது 10 செக்கன் எரிந்து தானாக அணைந்தால் செலவு 1 யூலுக்கும் குறைவு. பெரிய கலர் திரை என்றால் சில மடங்கு கூடும், அவ்வளவுதான். பெட்டரியைத் தின்பது சுருள். உண்மையிலேயே பெட்டரியை மிச்சம் பிடிக்க விரும்புகிறவர் ஒரு தடவை குறைவாக இழுத்தால் போதும்.

அப்படியென்றால் இந்த வசதி எதற்கு? பல கருவிகளின் மெனுவிலேயே விடை இருக்கிறது. அதன் பெயர் ‘ஸ்டெல்த் மோட்’. ராடார் கண்ணில் படாமல் பறக்கும் போர் விமானத்துக்குச் சொல்லும் அதே சொல். ஒளிந்திருப்பது என்றுதான் அர்த்தம்.

இரவில் வாகனம் ஓட்டும்போது கண் கூசும், அதற்காகத்தான் என்பார்கள். சரி, அதற்கு வெளிச்சத்தைக் குறைத்தால் போதுமே. திரையும் எரியாமல், லைட்டும் மின்னாமல், பென் ட்ரைவ் போலவும் ஹைலைட்டர் போலவும் உருவம் எடுத்து, மாம்பழ வாசத்தோடு வருகிற சாமான் யாருடைய கண்ணிலிருந்து ஒளிய வேண்டும்? தன் காசில் புகைக்கிற நாற்பது வயது ஆளுக்கு யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லை. உம்மா வாப்பாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒளிக்க வேண்டியவன் பதினைந்து வயதுப் பிள்ளைதான்.

“சிகரெட்டை விட நல்லதுதானே” என்கிறார்கள். பல வருடம் சிகரெட் குடித்தவர் அதை முற்றாக விட்டு இதற்கு மாறினால் அவருக்குத் தீங்கு குறையலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிகரெட்டையே தொடாத பிள்ளை எதிலிருந்து மாறுகிறான்? ஒன்றுமில்லாததிலிருந்து நிகொட்டினுக்கு மாறுகிறான். மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால், 2 மில்லிலீற்றர் பொட் ஒன்றில் 40 மில்லிகிராம் நிகொட்டின் இருக்கிறது. நிகொட்டின் உப்பாக இருப்பதால் தொண்டை கரகரக்காது, அவன் நிறுத்தவும் மாட்டான். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை இதற்குச் சீக்கிரம் அடிமையாகும்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 2016இல் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் போனில் ஓடர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வருகிறது. விற்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஐந்து நேரமும் தொழுதுவிட்டு, அடுத்தவன் பிள்ளைக்கு நஞ்சைப் பார்சல் கட்டுவது எந்த ஹலாலான வியாபாரம்? தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யாதே என்பது மார்க்கத்தின் அடிப்படை இல்லையா?

பெற்றோரே, பிள்ளையின் பேக்கில் ஸ்க்ரீன் எரியாத, எதற்கென்று விளங்காத சாமான் ஒன்று கிடந்தால், பழுதான ஏதோ என்று திருப்பி வைக்காதீர்கள். கையில் எடுத்து, என்ன இது என்று கேளுங்கள். அடிக்க வேண்டாம். அடித்தால் இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகுவான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆவையாவது இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளை மட்டும் ஏசாமல், விற்கிறவர்களைப் பார்த்தும் பேசுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிடிபட்ட பிள்ளையை வெளியே தள்ளினால் அவன் போய்ச் சேரும் இடம் அதை விற்றவனின் பக்கம்தான். அவனை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, அதை விட உதவுவோம். யார் விற்றார் என்பதை அவன் பயமில்லாமல் சொல்லக்கூடிய இடமாக நம் பாடசாலைகளை ஆக்குவோம், இன்ஷா அல்லாஹ்.